கொரங்காட்டுச் செம்புள்ளி அந்துப்பூச்சி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, வெள்ளகோவிலுக்குத் தெற்கே எங்களுக்குக் கொரங்காடு (மேய்ச்சல் நிலம்) இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கொழுக்கட்டைப் புல் தழைத்து நிற்கும்போது, பட்டப்பகலிலேயே காலடிக்கு முன்னால் வெள்ளையாகச் சிறு பூச்சிகள் எழும்பி, கொஞ்ச தூரம் தள்ளிப் போய் மறுபடி புல்லுக்குள் இறங்கிவிடுகின்றன. உட்கார்ந்ததும் எங்கே போனது என்று தெரிவதில்லை. குனிந்து தேடிப் பார்த்தால் வெள்ளை இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் தெரிகின்றன. மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன். இது வண்ணத்துப்பூச்சியா, அந்துப்பூச்சியா? மாடு மேயும் புல்லை இதன் புழு தின்று அழித்துவிடுமோ என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள்.
– ஒரு வாசகி, வெள்ளகோவில்

பதில்: நீங்கள் அனுப்பியது அந்துப்பூச்சியின் படம். யூடிதீசா என்ற பேரினத்தைச் சேர்ந்தது. பகலில் பறப்பதால் பலரும் இதை வண்ணத்துப்பூச்சி என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் உங்கள் இரண்டாவது படத்தில் உணர்கொம்புகள் தெளிவாக விழுந்திருக்கின்றன. அவை நுனிவரை நூல்போல மெலிந்தே செல்கின்றன. வண்ணத்துப்பூச்சியாக இருந்தால் கொம்பின் நுனி தடித்துக் குமிழாக முடிந்திருக்கும். உட்காரும் விதமும் வேறு. வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் இறகுகளை முதுகுக்கு மேல் சேர்த்து நிறுத்தும். இதுவோ இறகுகளை உடலைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டு, புல் தண்டோடு தண்டாக ஒட்டிக்கொள்ளும். இறங்கிய இடத்தில் உங்கள் கண்ணுக்குத் தப்பியது இதனால்தான்.

முன்னிறகின் நிறம் தூய வெள்ளையிலிருந்து பாலேடு நிறம் வரை மாறும். அதன்மேல் சிவப்புத் திட்டுகள் ஒரு வரிசை, சிறு கரும்புள்ளிகள் ஒரு வரிசை என்று குறுக்காக மாறி மாறி அமைந்திருக்கும். பின்னிறகு வெள்ளையாக இருக்கும். அதன் வெளியோரத்தில் ஒழுங்கில்லாமல் நெளியும் கறுப்புக் கரை ஒன்றும், நடுவில் ஒரு கரும்பொட்டும் உண்டு. பறக்கும்போது மட்டுமே பின்னிறகு தெரியும் என்பதால், காலடியில் எழும்பும்போது வெள்ளைப் பூச்சியாகத் தோன்றியது உட்கார்ந்ததும் புள்ளிப் பூச்சியாகத் தெரிகிறது. இறகுகளை விரித்து அளந்தால் 3 முதல் 4 சென்டிமீட்டர் இருக்கும்.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். இதன் புழு உங்கள் கொழுக்கட்டைப் புல்லைத் தின்னாது. புல் இதற்குத் தங்கும் இடம் மட்டுமே. புல்வெளியில் பறக்கும் பூச்சியெல்லாம் புல்லைத் தின்றே வளர்கிறது என்று நாம் எளிதாக முடிவுகட்டிவிடுகிறோம். அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை இந்த முடிவு அடிக்கடி தவறாகிறது. உண்மையிலேயே புல்லைத் தின்று வளரும் சிறிய அந்துப்பூச்சிகளும் உங்கள் காட்டில் இருக்கும். அவை வைக்கோல் நிறத்தில், ஒடுங்கிய உடலோடு, முகத்துக்கு முன்னால் மூக்கு நீண்டதுபோன்ற உணர்நீட்சிகளோடு இருக்கும். அவற்றின் புழுக்கள் புல்லின் அடித்தூரில் நூலால் குழாய்போல் கூடு கட்டிக்கொண்டு வாழும். சிவப்புப் புள்ளி கொண்டவற்றுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

அப்படியானால் இதன் புழு எதைத் தின்கிறது? விடை உங்கள் மூன்றாவது படத்தின் ஓரத்திலேயே, குவியம் தவறி மங்கலாகத் தெரிகிறது. சொரசொரப்பான இலையும், வெளிறிய நீலத்தில் தலைகவிழ்ந்து தொங்கும் பூவுமாக அங்கே நிற்கும் செடி கவிழ்தும்பை. கழுதைத்தும்பை என்றும் சொல்வார்கள். பெயரில் தும்பை இருந்தாலும் தும்பைக்கு இது உறவில்லை. தேள்கொடுக்குச் செடிக்குத்தான் நெருங்கிய உறவு. கவிழ்தும்பை, தேள்கொடுக்கு, கிலுகிலுப்பை, சணப்பை ஆகிய நான்கையும் முதலில் தேடிப் பாருங்கள். கொரங்காட்டின் செம்மண் சரளையிலும் தரிசிலும் கவிழ்தும்பை நிற்கும். ஈரம் தங்கும் குளத்தங்கரையிலும் கீழ்பவானி வாய்க்கால் ஓரங்களிலும் தேள்கொடுக்கு நிற்கும். அதன் பூங்கொத்து தேளின் வால்போல நுனியில் சுருண்டிருப்பதால் தவறவே விடமாட்டீர்கள். கிலுகிலுப்பையில் நீலப்பூ பூப்பதும் உண்டு, மஞ்சள்பூ பூப்பதும் உண்டு. கிளுவை வேலியின் அடியிலும் இட்டேரி (வேலிகளுக்கு இடையே செல்லும் தடம்) ஓரத்திலும் இரண்டும் வளரும். காய் முற்றிக் காய்ந்தால் உள்ளே விதைகள் குலுங்கும்.

கிலுகிலுப்பையின் பச்சைக் காய் ஒன்றைப் பறித்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வட்டமாக ஒரு துளையும், அதன் வாயில் கறுப்பு மணல்போன்ற எச்சமும் இருந்தால் நகத்தால் காயைப் பிளக்கலாம். விதைகள் பாதி குடையப்பட்டு ஓடாகக் கிடக்க, தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு கருநிறப் புழு தின்றுகொண்டிருக்கும். அதன் முதுகில் வெண்கோடும், கணுவுக்குக் கணு ஆரஞ்சு நிறத் திட்டும், சிறு பருக்களிலிருந்து கிளம்பும் மெல்லிய முடிகளும் இருக்கும். இலையைத் தின்னும் புழுக்களையும் காண்பீர்கள். ஆனால் காய் பிடித்த செடியில் விதையைத்தான் அது விரும்பித் தேடுகிறது.

அடுத்த முறை படம் எடுக்கும்போது பூச்சியை மட்டும் நெருங்கி எடுக்காமல், நான்கு புறமும் நிற்கும் செடிகளையும் தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். பூச்சியின் படத்தில் கிடைக்காத விடை பல நேரங்களில் செடியின் படத்தில் கிடைக்கும்.

கேள்வி: நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். இந்தப் பூச்சியை இணையத்தில் தேடினால் சில இடங்களில் யூடிதீசா புல்செல்லா என்றும், சில இடங்களில் யூடிதீசா லோட்ரிக்ஸ் என்றும் போட்டிருக்கிறார்கள். குடும்பமும் ஓரிடத்தில் ஆர்க்டிடே, மற்றோரிடத்தில் எரெபிடே என்று இருக்கிறது. எதை எழுதுவது?
– ஒரு மாணவர், தாராபுரம்

பதில்: குடும்பத்தைப் பற்றிய குழப்பம் எளிதில் தீரும். முன்பு ஆர்க்டிடே என்று தனிக் குடும்பமாக வைத்திருந்ததை, இப்போது எரெபிடே என்னும் பெரிய குடும்பத்துக்குள் ஆர்க்டினே என்ற துணைக்குடும்பமாகச் சேர்த்துவிட்டார்கள். பழைய நூல்கள் முதல் பெயரையும் புதியவை இரண்டாவது பெயரையும் சொல்கின்றன. பழைய ஆர்க்டிடேயும் இன்றைய ஆர்க்டினேயும் ஒரே கூட்டத்தைத்தான் குறிக்கின்றன. நீங்கள் எரெபிடே என்றே எழுதுங்கள்.

இனத்தைப் பற்றிய கேள்வி அவ்வளவு எளிதன்று. புல்செல்லா என்ற இனத்தை லின்னேயஸ் 1758-லேயே விவரித்துவிட்டார். அது ஆப்பிரிக்கா, தென் ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா என்று மிகப் பரந்த நிலப்பரப்பில் வாழ்வது. காற்றோடு நெடுந்தொலைவு இடம்பெயர்ந்து, வளர்வதற்குரிய சூழல் இல்லாத வடக்கு நாடுகளிலும் சில ஆண்டுகளில் போய் இறங்குவது. லோட்ரிக்ஸும் இந்தியாவில் உண்டு. இரண்டுக்கும் புள்ளிகளின் பரப்பிலும் அடர்த்தியிலும் வேறுபாடு காட்டுகிறார்கள் என்றாலும், ஒரே இனத்துக்குள்ளேயே சிவப்பு கூடியும் குறைந்தும், பூச்சி பறந்து தேய்ந்த நாட்களைப் பொறுத்து வெளுத்தும் வருவதால், மேலிருந்து எடுத்த ஒரு படத்தைக் கொண்டு இனத்தை அறுதியிட்டு எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். இனப்பெருக்க உறுப்புகளைப் பிரித்து நுண்ணோக்கியில் ஒப்பிட்டால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதுவரை ‘யூடிதீசா பேரினம்’ என்று எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மையான பதிவு. இதைக் குறைவாக எண்ண வேண்டாம். எந்தச் செடியில், எந்த மாதத்தில், எந்த ஊரில் கண்டீர்கள் என்பதைச் சேர்த்து எழுதினால், இனப்பெயர் மட்டும் உள்ள பதிவைவிட உங்கள் பதிவு பின்னாளில் ஆய்வாளருக்கு அதிகம் பயன்படும்.

நம் பக்கத்து நீலகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலில் இருந்தபடி அந்துப்பூச்சிகளில் ஈடுபாடு கொண்டு, 1890-களில் இந்திய அந்துப்பூச்சிகளைத் தொகுத்து விவரித்த ஜார்ஜ் ஹாம்ப்சன் முதலானோர் பெரிதும் இறந்த மாதிரிகளைப் பார்த்தே எழுத வேண்டியிருந்தது. எந்தப் புழு எந்தச் செடியில் வளர்கிறது என்ற செய்தி இன்றும் பல சிறு அந்துப்பூச்சிகளுக்குக் குறைவாகவே உள்ளது. தாராபுரத்தில் இருந்துகொண்டு அந்த இடைவெளியை உங்களால் நிரப்ப முடியும். கோயம்புத்தூருக்குப் போகும்போது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தையும், 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஐயா வணக்கம். பசுந்தாள் உரத்துக்காக ஒன்றரை ஏக்கரில் சணப்பை விதைத்திருக்கிறோம். பூ எடுக்கும் நேரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக முடியுள்ள புழுக்கள் இலையில் ஏறிவிட்டன. கம்பளிப்புழு என்று சொல்லி மருந்தடிக்கச் சொல்கிறார்கள். சென்ற இதழில் நீங்கள் சொன்ன சிவப்புப் புள்ளிப் பூச்சியின் புழுவும் சணப்பையில் வரும் என்று படித்தேன். அடிக்கலாமா? இந்தச் சணப்பையை மாட்டுக்குக் கொஞ்சம் அறுத்துப் போடலாமா?
– ஒரு விவசாயி, பல்லடம்

பதில்: உங்கள் வயலில் இருப்பது அந்தப் புழுவேதான் என்று எண்ணுகிறேன். வேளாண் துறையினர் இதைச் சணப்பையின் முடிப்புழு என்றே பூச்சிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிலக்கடலையை அழிக்கும் சிவப்புக் கம்பளிப்புழு வேறு. அது செம்பழுப்பாக, உடல் முழுதும் நீண்ட அடர்ந்த முடியோடு இருக்கும். மழை விழுந்ததும் மண்ணிலிருந்து தாய்ப்பூச்சிகள் கூட்டமாக வெளிவந்து முட்டையிட, புழுக்கள் கடலை, தட்டைப்பயறு, ஆமணக்கு என்று காடு காடாக நகரும். அந்தப் புழுவால் பட்ட அடியின் நினைவில், முடி தெரிந்தாலே மருந்தடிக்கும் வழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. சணப்பையின் புழு உங்கள் கடலைக்கோ சோளத்துக்கோ போகாது.

பசுந்தாளுக்காக விதைத்திருந்தால் மருந்து தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. சணப்பையை விதைத்த 45 முதல் 60 நாளுக்குள், பூ எடுக்கும் பருவத்திலேயே மடக்கி உழுதுவிடுகிறோம். இப்புழு பெருஞ்சேதம் செய்வது காயிலும் விதையிலும். அந்தப் பருவத்துக்கு முன்பே செடி மண்ணுக்குள் போய்விடுகிறது. இலையில் சிறிது குறைந்தாலும், தின்றது எச்சமாக அதே மண்ணில்தான் விழுகிறது. ஒரு வாரம் முன்னதாகவே உழுதுவிட்டால் போதும். விதைக்காக விட்டிருக்கும் பாத்தி மட்டும் தனிக்கணக்கு. அங்கே காய் பிடிக்கும் நேரத்தில் துளையுள்ள காய்களைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சிறிய பரப்பாக இருந்தால் கையாலேயே முடியும்.

சணப்பையில் இன்னோர் அந்துப்பூச்சியும் வரும். ஆர்ஜினா என்ற அதன் இறகு ஆரஞ்சு நிறத்தில், வெளிர் வளையத்துக்குள் கரும்புள்ளிகளோடு இருக்கும். உடலும் சற்றுப் பெரியது. அதன் புழுவும் கிலுகிலுப்பை இனச் செடிகளைத்தான் தின்னும். வயலில் இரண்டையும் கண்டால் மலைக்க வேண்டாம்; செய்ய வேண்டியது ஒன்றே.

மாட்டுக்குப் போடுவதைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். சணப்பை உள்ளிட்ட கிலுகிலுப்பை இனங்களிலும் தேள்கொடுக்கு, கவிழ்தும்பை ஆகியவற்றிலும் பைரோலிசிடின் அல்கலாய்டு என்னும் நச்சுப்பொருள்கள் உண்டு. இவை தொடர்ந்து உள்ளே போனால் கால்நடையின் ஈரலைக் கெடுக்கும். மாடும் குதிரையும் இதற்கு எளிதில் ஆளாகும். செம்மறியும் வெள்ளாடும் கூடுதலாகத் தாங்கும். பச்சையாக நிற்கும்போது மாடு பெரும்பாலும் இவற்றை ஒதுக்கிவிட்டு மேயும். அறுத்து உலர்த்திய மேவில் (தீவனத்தில்) கலந்துவிட்டால் ஒதுக்க முடியாது. ஆகையால் பூத்துக் காய்க்கும் சணப்பையை மாட்டுக்குப் போடாதீர்கள். கொழுக்கட்டைப் புல்லை அறுத்துச் சேமிப்பவர்களும் அறுப்பதற்கு முன் இச்செடிகளைப் பிடுங்கிவிடுங்கள். அதே நேரத்தில் இட்டேரியிலும் கிளுவை வேலியின் அடியிலும், மாடு வாய் வைக்காத மூலைகளிலும் நிற்பவற்றைக் களைக்கொல்லி அடித்து அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உயிர்வேலி எல்லாம் கம்பிவேலி ஆகிவரும் நாளில், இந்தப் பூச்சிகளுக்கு ஆண்டு முழுதும் உணவு மிஞ்சியிருப்பது அந்த ஓரங்களில்தான்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கோழி இந்தச் சிவப்புப் புள்ளிப் பூச்சியைக் கொத்திவிட்டு உடனே கீழே போட்டு, அலகைத் தரையில் தேய்த்தது. மறுபடி அதன் பக்கம் போகவே இல்லை. கோழிக்கு ஏதாவது ஆகுமா? பூச்சியில் என்ன இருக்கிறது?
– ஒரு வாசகி, அறச்சலூர்

பதில்: கோழிக்கு ஒன்றும் ஆகாது; கொத்திய வேகத்தில் அது துப்பிவிட்டது. மிகக் கூர்ந்து கவனித்திருக்கிறீர்கள். மேலே சொன்ன அந்த அல்கலாய்டுகளை இப்பூச்சியின் புழு செடியோடு சேர்த்து உண்டு, தன் உடலிலேயே சேமித்துவைக்கிறது. புழு கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்து வெளிவந்த பிறகும் அந்தக் கசப்பு உடலில் தங்குகிறது. பட்டப்பகலில் பளிச்சென்ற நிறத்தோடு மெதுவாகப் பறக்கும் துணிவு இதற்கு அதிலிருந்து வந்தது.

கிலுகிலுப்பை பயறுவகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தேள்கொடுக்கும் கவிழ்தும்பையும் உறவே இல்லாத வேறொரு வகையைச் சேர்ந்தவை. பூவும் காயும் இலையும் எதிலும் ஒத்துப்போகாத இச்செடிகளை ஒரே புழு தேடித் தின்பதன் காரணம், இவை அனைத்திலும் ஒரேவகை நஞ்சு இருப்பதுதான். உணவுச் செடியைத் தேடும்போது இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஏப்ரல் முதல் ஜூன் வரை மேற்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து கிழக்கு மலைகளுக்குக் கொங்குச் சமவெளியைக் கடந்து கூட்டங்கூட்டமாகப் போகும் நீல வரியன் வண்ணத்துப்பூச்சிகள், வழியில் கிலுகிலுப்பையின் காய்ந்த தண்டிலும் கிள்ளிப்போன இலையிலும் மொய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவையும் அதே பொருளைத்தான் உறிஞ்சுகின்றன.

இந்தப் பேரினத்தின் அமெரிக்க உறவான யூடிதீசா ஆர்னட்ரிக்ஸ் என்ற இனத்தைக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஐஸ்னரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அங்கே வலையில் இந்தப் பூச்சி சிக்கினால், பொன்னிற நூல் பின்னும் பெரிய சிலந்தி ஓடிவந்து தொட்டுப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள நூல்களைத் தானே அறுத்து அதை விடுவித்துவிடுகிறது. நஞ்சில்லாத உணவில் வளர்த்த பூச்சியை அதே சிலந்தி தின்றுவிடுகிறது. இன்னும் வியப்பானது, ஆண் பூச்சி இணையும்போது தன் உடலில் சேர்த்த அல்கலாய்டில் ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. பெண் தன் பங்கையும் சேர்த்து முட்டைகளுக்குள் வைக்கிறது. எறும்பும் பொறிவண்டும் அந்த முட்டைகளை விட்டு விலகுகின்றன. ஆண் தன்னிடம் எவ்வளவு இருக்கிறது என்பதைக்கூட, அதே அல்கலாய்டிலிருந்து உண்டாக்கும் ஒரு மணத்தின் மூலம் பெண்ணுக்குத் தெரிவிக்கிறது. நம் கொரங்காட்டுப் பூச்சியில் இவை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்க்க, வேண்டிய செடியும் பூச்சியும் வீட்டு வாசலிலேயே இருக்கின்றன. உங்களைப்போல் கோழியைக் கவனிக்கும் கண்கள்தான் தேவை.

கேள்வி: ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து இதன் புழுவை வளர்த்துப் பார்க்க விரும்புகிறேன். என்ன செய்ய வேண்டும்?
– ஒரு ஆசிரியை, சென்னிமலை

பதில்: வாயகன்ற கண்ணாடிக் குடுவை ஒன்று, அதன் வாயைக் கட்ட மெல்லிய துணி, அடியில் விரிக்கத் தாள் ஆகியவை போதும். புழுவை எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியைத்தான் கொடுக்க வேண்டும். கிலுகிலுப்பையில் இருந்ததற்குத் தேள்கொடுக்கைப் போட்டுச் சோதிப்பதைப் பிள்ளைகள் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பூவும் இளங்காயும் உள்ள கொப்பைத் தினமும் மாற்றுங்கள். நீர்த்துளி படிய விடாதீர்கள். ஈரத்தில் எச்சம் பூசணம் பிடித்தால் புழு சாகும். முழுதாக வளர்ந்த புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சுற்றி அலையத் தொடங்கும்போது உதிர்ந்த சருகுகளைக் கொஞ்சம் போடுங்கள். சருகுக்குள் புகுந்து தளர்வாக நூலிழுத்துக் கூட்டுப்புழுவாக மாறும். அதன்பின் குடுவையை அசைக்காமல் நிழலில் வையுங்கள்.

சில கூடுகளிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வரக்கூடும். பிள்ளைகள் ஏமாந்து போகாமல், அவை புழுவின் உடலுக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிகள் என்று விளக்குங்கள். அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புழு எடுத்த தேதி, இடம், செடி, கூடு கட்டிய தேதி, வெளிவந்த தேதி ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, செடியின் சிறு கிளையை நாளிதழுக்குள் அழுத்தி உலர்த்தி அதனோடு ஒட்டிவையுங்கள். புழுவைத் தொட்ட பிள்ளைகள் கை கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது. வெளிவந்த பூச்சியை, புழு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் எங்கள் வாசல் விளக்குக்கு வரும் சிறிய பழுப்புப் பூச்சியின் இறகில் குறுக்காக வெள்ளைப் பட்டை ஒன்று ஓடுகிறது. இதுவும் கிலுகிலுப்பையில் வளர்வதா?
– ஒரு வாசகர், மொடக்குறிச்சி

பதில்: இல்லை. இது ஸ்போலேடியா ரிகர்வாலிஸ் என்ற வேறோர் அந்துப்பூச்சி. இறகுகளை முக்கோணமாக விரித்து உட்காரும்போது முன்னிறகின் வெள்ளைப் பட்டை பின்னிறகின் பட்டையோடு சேர்ந்து ஒரே கோடாக ஓடுவதும், வயிற்றில் வெள்ளை வளையங்கள் இருப்பதும் அடையாளம். இதன் பச்சைநிறப் புழு குப்பைக்கீரை, தண்டுக்கீரை, சாரணை ஆகியவற்றின் இலைகளை நூலால் மடித்துக்கட்டி உள்ளிருந்து சுரண்டித் தின்னும். உங்கள் வீட்டுப் பின்புறம் தானாக முளைத்த குப்பைக்கீரையில் ஒட்டி மடிந்த இலைகளைப் பிரித்துப் பாருங்கள். விளக்குக்கு வந்தவை அங்கிருந்து கிளம்பியவையாக இருக்கலாம். சமையலுக்கு வளர்க்கும் கீரையாக இருந்தால், மடிந்த இலைகளை அன்றாடம் கிள்ளி எடுத்துக் கோழிக்குப் போட்டுவிடலாம்; இந்தப் புழுவைக் கோழி துப்பாது.